இடது இருக்கையில் பிரேக் கிடையாது

திருப்பிவிட்டாள். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது முதலில் வருகிற கொண்டை ஊசி வளைவை, ஸ்டியரிங்கை அவசரமில்லாமல் சுற்றி, சுற்றியதை அவசரமில்லாமல் விட்டு, தோசையைத் திருப்பிப் போடுகிற நிதானத்தோடு திருப்பிவிட்டாள் என் தெய்வானை. பலே என்று கத்த நினைத்தேன். கத்த முடியாது, வாயில் கமர்கட்டு. காலையில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய கையோடு அவளே பொட்டலத்தைப் பிரித்து எடுத்து நீட்டினாள். “இந்தாங்க, வாயில போட்டுக்குங்க. அடிவாரம் போற வரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது. பார்த்து, மெதுவா, ஹாரன் அடி, லாரி வருது, ஒண்ணும் வரக்கூடாது. தொறந்தீங்க, அங்கயே வண்டிய ஓரங்கட்டிட்டு நான் பஸ் ஏறிடுவேன். சாவி உங்ககிட்ட இருக்கும், கண்ணு தெரிஞ்சா நீங்களே ஓட்டிட்டு வாங்க.” நான் கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுச் சரி என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது என் பரம்பரையிலேயே கிடையாது, ஆனாலும் சரி என்றேன், ஏனென்றால் கீழே அடிவாரத்து டீக்கடையில் என் மகன் முகிலன் உட்கார்ந்திருக்கிறான். பெங்களூரிலிருந்து ராத்திரியே கிளம்பி வந்து உட்கார்ந்திருக்கிறான். அம்மா இந்த வண்டியை யார் உதவியும் இல்லாமல் மலையிறக்கிக் கொண்டுவந்துவிட்டால் நாங்கள் எங்கள் வீட்டிலேயே, மிளகுக்கொடியும் பலாமரமும் நாங்களுமாக, இருந்துகொள்ளலாம். கொண்டுவர முடியாவிட்டால் தீபாவளிக்குள் மூட்டை கட்டிக்கொண்டு அவனுடைய ஆறாவது மாடிக்கு. அதுதான் பேச்சு. என் கண்ணுக்கு மாதாமாதம் சேலம் ஆஸ்பத்திரி போயாக வேண்டும், வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் நடக்கிற தூரத்தில் இல்லை, நான் ஓட்டக் கூடாது, அப்பறம் எப்படிப்பா என்று கேட்டான். நான் ஓட்டறேன்டா என்றாள் இவள். அவன் சிரித்தான். சிரித்திருக்கக் கூடாது.

அடுத்த வளைவு. கியரைக் குறைக்கிறாள், இரண்டாவது, ஏறுகிற கியரிலேயே இறங்கணும் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்ததாம், இட்லிக்கு மாவு கரைக்கும்போதுகூட அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், இறங்கு இறங்கு தெய்வானை, வெள்ளி ஓக் மரங்களுக்கு நடுவே வெயில் வந்து அவள் மூக்குத்தியில் விழுகிறது, பனி விலகி சேலம் மொத்தமும் கீழே கிடக்கிறது, எனக்கு நேர் எதிரில் இருப்பது மட்டும்தான் தெரியும், ஓரமெல்லாம் புகை, ஆனாலும் நேர் எதிரே தெரிகிற இந்த அளவே போதும், இந்த வயதில் இப்படி ஒரு காலை கிடைக்குமென்று யார் நினைத்தது, கல்யாணமான புதிதில் இதே ரோட்டில் பஸ்ஸில் ஏறும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டவள் இவள், கடைசி வளைவு தாண்டியும் திறக்காதவள், இப்போது பார், முழங்கை ஜன்னலில் இடிக்க, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, பிரேக்கை மெல்ல அழுத்துகிறாள், கீச். என்ன அது? கீச். என் காலுக்கு நேர் கீழே, இடது முன் சக்கரம், மெல்லிசாக, சிட்டுக்குருவி குஞ்சு மாதிரி. அழுத்தினாள், கீச். விட்டாள், இல்லை. குரங்கு ஏதாவது கத்தியிருக்கும். இந்த ரோட்டில் குரங்குக்கா பஞ்சம். தடுப்புச் சுவர் மேல் ஒன்று உட்கார்ந்து யாரோ வீசிய பொரியைப் பொறுக்கித் தின்கிறது, நேற்று ஆயுத பூஜை, இன்றைக்கு மலை முழுக்கப் பொரிதான். அடுத்த சரிவு. அழுத்தினாள். கீச். குரங்கு இல்லை.

சந்தனம். சந்தனம்தான், வேறென்ன. நேற்று நான்தானே வண்டிக்குப் பொட்டு வைத்தேன், ஸ்டியரிங்குக்கு, பானெட்டுக்கு, நான்கு சக்கரத்துக்கும், வட்டமாக ஒரு விரல் வைத்தால் போதும் என்று அவள் சொல்லச் சொல்ல, என் கண்ணுக்கு வட்டம் எது, அதற்குள்ளே பளபளக்கிற பிரேக் தட்டு எது என்று தெரியாமல், இருக்கட்டும், சாமிக்குச் செய்கிறதில் கஞ்சத்தனம் என்ன என்று சக்கரத்துச் சந்துக்குள் கையை விட்டு அப்பினேன் அல்லவா, இட்லிக்குச் சட்டினி வழிக்கிற மாதிரி. ராத்திரி பனியில் அது காய்ந்து பொருக்குத் தட்டியிருக்கும். அதுதான் உரசுகிறது. நல்லது, உரசட்டும், நாலு தடவை பிரேக் பிடித்தால் தேய்ந்து உதிர்ந்துவிடும். எண்ணுகிறேன். கீச், ஒன்று. லாரிக்கு ஒதுங்கினாள், கீச், இரண்டு. ஆனால் பிரேக் பேடாக இருந்தால், தட்டைக் கவ்விப் பிடிக்கிற அந்தக் கட்டை தேய்ந்திருந்தால்? பேட் எப்போது மாற்றினோம்? யோசி. போன மழைக்கு முன்னாலா, அதற்கு முந்தின மழைக்கா? முகிலனுக்குப் பெண் பார்க்கப் போன சமயம் பின் சக்கரத்தில் ஏதோ செய்தோம், அது வேறு, அது ஷூ. முன்சக்கரத்துப் பேட்? கொக்கியில் மாட்டிய துணி மாதிரி இந்த இடத்திலேயே புத்தி மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் கிழிகிறது, வர மாட்டேன் என்கிறது. மலை ஏறி இறங்குகிற வண்டிக்குப் பேட் சீக்கிரம் தேயும், சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது, அது எனக்குத் தெரியாதா, முப்பது வருஷம் காபி ஆலையில் மேற்பார்வை பார்த்தவன், பழம் உரிக்கிற மெஷினின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொன்னவன். பேடுக்குள் ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்து தேய்ந்து முடியப்போகிற சமயம் அந்தத் தகடு தட்டில் பட்டுக் கத்தும். கத்துவதற்காகவே வைத்தது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே. மூன்று, கீச். ஐயோ, மணியோசையா இது?

முந்தாநாள் இவளை ஓட்டச் சொல்லி, வண்டியைக் கொண்டுபோய்க் காட்டத்தானே போனேன். மெக்கானிக் சின்னதுரை கடையில் ஷட்டர் பாதி இறக்கி, ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் பெஞ்சின் மேல் வரிசையாக அடுக்கி வாழைக்கன்று கட்டிவிட்டான். “சார், எல்லாத்தையும் சாமிக்கு வெச்சாச்சு சார். இனிமே விஜயதசமி காலையில பூஜை போட்டு எடுத்தாத்தான் தொடுவேன். உங்க வண்டிதான் மொத வண்டி, பத்து மணிக்கு வாங்க” என்றான். அவனிடம் என்ன வாதாடுவது, நானும் அந்தப் பெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். பத்து மணி என்றால் முகிலனுக்கு முடியாது, மத்தியானம் அவனுக்கு ஏதோ மீட்டிங்காம், விஜயதசமி அன்றைக்கும் மீட்டிங் வைக்கிற ஊர் அது. இவளோ, நல்ல காரியத்துக்கு விஜயதசமியைவிட நல்ல நாள் ஏது, காலையிலேயே இறங்கிடறேன் என்றாள். வண்டிதான் நன்றாக ஓடுகிறதே என்று நானும் தலையாட்டினேன். ஆயுதத்தைக் கும்பிடுகிற நாளில் ஆயுதத்தைத் தொட ஆளில்லாமல் போன ஊரில் நாங்கள் பொட்டு வைத்த வண்டியில் இறங்கிக்கொண்டிருக்கிறோம். கீச். நான்கு. உதிரவில்லை. நாலு என்று நான்தானே சொன்னேன், சந்தனத்துக்குத் தெரியுமா நாலு, கெட்டிச் சந்தனம் ஐந்து கேட்கும், ஆறு கேட்கும். சொல்லிவிடலாமா? தெய்வானை, சத்தம் கேட்குதா? இவ்வளவுதான். இவ்வளவு சொன்னால் போதும். ஆனால் சொன்னவுடன் அவள் முகம் மாறும், அடுத்த வளைவில் கியருக்குப் பதில் வேறெதையாவது பிடிப்பாள், அல்லது சொன்னபடி ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடப்பாள், அவள் சொன்னால் செய்வாள். நுணலும் தன் வாயால் கெடும். நான் வாயைத் திறந்தால் வீடு போச்சு. திறக்காவிட்டால்? கமர்கட்டை வலப்பக்கக் கடைவாயிலிருந்து இடப்பக்கத்துக்குத் தள்ளினேன். பல்லோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. இன்னும் பாதிகூடக் கரையவில்லை.

பஸ். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஹாரன், நீளமாக, மலைக்கே கேட்கிற மாதிரி. ஏறுகிற வண்டிக்கு வழி விடணும், விடணும் தெய்வானை, நில்லு. நின்றாள். நான் சொல்லாமலே நின்றாள், வளைவுக்கு நன்றாக மேலேயே, இடப்பக்கம் ஒட்டி. பஸ் உறுமிக்கொண்டு வந்து, வயிறு சுவரில் உரச உரசத் திரும்பி, எங்களைத் தாண்டும்போது டிரைவர் குனிந்து பார்த்தார். புடவை கட்டிய அம்மா ஓட்டுகிறாள் என்று பார்த்திருப்பார். ஒரு விரலைத் தூக்கினார், டிரைவருக்கு டிரைவர் தூக்குகிற அந்த ஒற்றை விரல். என் முப்பது வருஷ ஓட்டத்தில் அதை நான் எத்தனை தடவை வாங்கியிருப்பேன், ஒரு தடவைகூட இப்படிப் பூரித்ததில்லை. இவளும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினாள்! எங்கே கற்றுக்கொண்டாள் இதை? யார் சொல்லிக் கொடுத்தது? சந்தோஷத்தில் தொடையைத் தட்டிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து என் சட்டைப்பையில் போன். முகிலன். நான் எடுத்து அவளிடம் காட்டினேன், வாயைச் சுட்டிக் காட்டினேன். வண்டி நின்றுகொண்டிருந்ததால் “ஸ்பீக்கர்ல போடுங்க” என்றாள். “அப்பா, எங்க வந்துட்டிருக்கீங்க?” “உங்கப்பா பேசமாட்டாரு. வாயில கமர்கட்டு.” “என்னம்மா வெளையாடறீங்க? எங்க இருக்கீங்க?” “பாதிக்கு மேல வந்தாச்சு.” “அம்மா, முடியலன்னா பரவால்ல, அங்கயே நிறுத்திடுங்க. ரிஸ்க் எடுக்காதீங்க. நான் பஸ்ஸப் புடிச்சு மேல வந்து ஓட்டிட்டு வந்தர்றேன். இதுல ஒண்ணும் அவமானம் இல்லம்மா.” “வைடா போனை. வண்டி ஓட்டறப்ப பேசக்கூடாதுன்னு தெரியாது?” வைத்துவிட்டேன். அவமானம் இல்லையாம். நிறுத்திடுங்களாம். டீக்கடைப் பெஞ்சில் காலாட்டிக்கொண்டு இவள் நிறுத்துவதற்குத்தான் காத்திருக்கிறான், நல்ல பிள்ளைதான், பாசமான பிள்ளைதான், அதனால்தான் பயமாக இருக்கிறது. கோபக்காரப் பிள்ளையாக இருந்தால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். வண்டி நகர்ந்தது. கீச்.

இப்போது நீளம் அதிகம். முன்னே கிள்ளிவிட்ட மாதிரி இருந்தது, இப்போது இழுக்கிறது, கீஈஈச் என்று. என் வலது கால் பாதம் தரைமிதியை மிதித்துக்கொண்டிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். அவள் அழுத்துவதற்கு முன்னாலேயே அழுத்துகிறது. இடது இருக்கையில் பிரேக் கிடையாது என்று தலைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை. கண் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை வைப்பார்கள், இருட்டுக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். முதல் தடவை நான் சும்மா சும்மா அழுத்தினேன். தெரியாவிட்டாலும் இப்போது ஒன்று வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு அழுத்தினேன். வெளியே வந்ததும் அந்த டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, “சார், இல்லாத வெளிச்சத்தையெல்லாம் பார்த்திருக்கீங்களே” என்று சிரித்தது. இவளும் சிரித்தாள், பிறகு பஸ்ஸில் வரும்போது சிரிக்கவில்லை. அன்றைக்கு இல்லாத வெளிச்சத்துக்குப் பட்டன், இன்றைக்கு இல்லாத பிரேக்குக்கு மிதி. போகட்டும், ஒருவேளை சத்தமும் அப்படித்தானா? இல்லாத சத்தத்தை நான் கேட்கிறேனா? இவள் கேட்ட மாதிரியே தெரியவில்லையே. முகத்தைப் பார்க்கிறேன். நேரே பார்த்துக்கொண்டிருக்கிறாள், உதடு லேசாகத் திறந்து, ஊசியில் நூல் கோர்க்கும்போது திறக்கிற மாதிரி. காதோரம் வேர்த்திருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாகப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் குறட்டை விட்டால் ஒரு பக்கமும் விடாவிட்டால் இன்னொரு பக்கமும் தட்டி எழுப்பியவள், குழாய் சொட்டினால் மூன்று அறை தள்ளி எழுந்து வருகிறவள், இவளுக்கா கேட்காது? கேட்கிறது என்றால் ஏன் பேசாமல் இருக்கிறாள்? சந்தனம் என்று நினைத்திருப்பாள். நான் வைத்த சந்தனம்தான் இவளை ஏமாற்றுகிறது. கடவுளே, நான் பக்தியாக அப்பியது இந்த வேலையா பார்க்கிறது! வேறு அடையாளம் இருக்கிறதா, தேடு. மிதி உள்ளே போகிறதா? அவள் முழங்காலைப் பார்க்கிறேன், அதிகம் இறங்கவில்லை, நல்லது. வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? இழுக்கவில்லை. சிவப்பு விளக்கு? எரியவில்லை. கருகின வாடை? ஜன்னல் வழியாக மூக்கை நீட்டினேன், காட்டு வாடை, ஈர மண், எங்கோ யாரோ வாழையிலையை எரிக்கிற வாடை. பிரேக் வாடை இல்லை. அப்படியானால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. கத்துகிறது என்றால் இருக்கிறது. கத்துகிற வரைக்கும் பயமில்லை, கத்துகிறவனை நம்பலாம், இன்னும் எத்தனை வளைவு, பலகையில் என்ன போட்டிருக்கிறது, ஐந்து, ஐந்தேதான், தெய்வானை, நீ ஒரு ராணி, இறக்கிவிடு, மெதுவாக, மெதுவாக, பலாமரத்தில் இந்த வருஷம் முதல் காய் உன் பேரில்தான்.

கர்ர்ர். கீச் இல்லை. கீச் நின்றுவிட்டது. கர்ர்ர் என்று ஆழமாக, கல்லில் கத்தி தீட்டுகிற மாதிரி, என் பாதத்தின் அடியில் அதிர்கிறது, எலும்புக்குள் ஏறுகிறது. இது எனக்குத் தெரியும். ஆலையில் ஒரு தடவை கேட்டிருக்கிறேன், பேரிங் முடிந்து இரும்போடு இரும்பு பேசுகிற சத்தம், அதைக் கேட்டதும் யாரையும் கேட்காமல் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். சந்தனமுமில்லை, குரங்குமில்லை. இடது பக்கம் சுவருக்கு அப்பால் பள்ளம், எனக்கு ஓரம் தெரியாது, ஆனால் பள்ளம் தெரிகிறது, இல்லாத இடம் தெரிகிறது. வீடு போனால் போகட்டும். ஆறாவது மாடியென்ன, அறுபதாவது மாடியிலும் இருந்துகொள்வேன், இவள் இருக்க வேண்டும். சொல்லு. வாயைத் திற. திறக்கவில்லை! மேல் பல்லும் கீழ் பல்லும் வெல்லப்பாகில் பிடித்துக்கொண்டுவிட்டன, தாடையை இழுக்கிறேன், “ம்ம்” என்கிறேன், “ம்ம்ம்!” கையை எடுத்து அவள் தோளைத் தொடப் போகிறேன், வேண்டாம், திரும்புகிற சமயம் தொடக் கூடாது, கன்னத்துக்குள் விரலை விட்டு நெம்புகிறேன். டிக் டிக் டிக். இடதுபக்க இண்டிகேட்டர். அவள் போட்டிருக்கிறாள். முதல் கியருக்கு இறக்கி, வண்டி முனகிக்கொண்டு வேகம் தணிய, பிரேக்கைத் தொட்டும் தொடாமலும், வளைவுக்கு முன்னால் ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் அகலமான மண் தரை இருக்கிறதே, அதில் கொண்டுபோய் நிறுத்தினாள். கைபிரேக்கை இழுத்தாள். ரிவர்ஸ் கியரில் போட்டு இன்ஜினை அணைத்தாள். இறங்கினாள். கோயில் ஓரத்திலிருந்து ஒரு கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். அப்புறம்தான் என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து, புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “என்னமோ சொல்ல வந்தீங்களே, என்னது?”

வாய் அப்போதுதான் திறந்தது. டொக்கென்று விட்டது. இத்தனை வளைவாக நான் சொல்லத் துடித்தது என்ன, நிறுத்து என்பதுதானே? என் வாயிலிருந்து வந்ததோ, “இன்னும் நாலே வளைவுதானே தெய்வானை. முதல் கியர்லயே உருட்டிக்கிட்டுப் போயிடலாமே. நிறுத்திட்டோம்னா முகிலன்…” என்பது. சத்தியமாக அதுதான் வந்தது. நிற்காமல் போகும்போது உயிர் முக்கியமாக இருந்தது, நின்றவுடன் வீடு முக்கியமாகிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. “சொல்லிட்டீங்க. உங்க காதுக்கே எப்படி இருக்குது?” என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கதவைத் திறந்து இறங்கினேன். அவள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செல்போன் விளக்கை ஸ்போக்குக்குள் அடித்துக் காட்டினாள். “மொதல்ல உங்க சந்தனம்னுதான் நெனச்சேன். நாலஞ்சு தரம் அழுத்தினா உதிர்ந்துரணும், போகல. சரி, பேடு தேஞ்சு கத்துதுன்னு புரிஞ்சுது. கத்தற வரைக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், நிதானமா கொண்டு சேர்த்துடலாம்னு வந்தேன். இப்ப கத்தல, அரைக்குது. அரைச்சா நிறுத்திடணும்.” நாலஞ்சு தரம்! நான் எண்ணியதையெல்லாம் அவளும் எண்ணியிருக்கிறாள். ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு வாயை மூடிக்கொண்டு இத்தனை தூரம் வந்திருக்கிறோம். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்றேன். “சொன்னா நீங்க பதில் சொல்வீங்க. பதில் சொன்னா நான் பஸ் ஏறணும். பேச்சு பேச்சுதானே” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டில் எதை முதலில் விடுவது என்று தெரியாமல் பிள்ளையாரைப் பார்த்துக் கும்பிட்டேன். அவள் போனை எடுத்தாள். எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள், வண்டி நின்ற பிறகுதான் அந்தத் தடுமாற்றம். “முகிலா, வண்டிய நிறுத்திட்டேன்டா. ஆமா, நான்தான் நிறுத்தினேன். முன்சக்கரத்துப் பேடு போச்சு. கீழ ஒர்க்‌ஷாப் தொறந்திருந்தா ஆளையும் பேடு செட்டையும் கூட்டிட்டு மேல வா.” அவ்வளவுதான் சொன்னாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைத்துவிட்டுக் கோயில் பக்கத்தில் இன்னொரு கல்லின் மேல் உட்கார்ந்து, இனிமேல் பலாமரத்துக்கு யார் சாம்பல் போடுவார்கள் என்று என்னிடம் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை, இருவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அடிவாரத்து மெக்கானிக் ஒருவரின் பைக்கில் பின்னால் தொற்றிக்கொண்டு முகிலன் வந்தான். இறங்கும்போதே சாவிக்குக் கையை நீட்டிக்கொண்டுதான் வந்தான். மெக்கானிக் பையைத் திறந்தார், ஸ்பேனர் ஒவ்வொன்றிலும் சந்தனப் பொட்டு, குங்குமம் இன்னும் ஈரம் காயவில்லை, “இப்பத்தான் பூஜையில இருந்து எடுத்தேன். வருசத்துல மொத வேலை உங்களுதுதான்மா” என்றார். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றிப் பழைய பேடை உருவி எடுத்து முகிலன் நீட்டிக்கொண்டிருந்த கையிலேயே வைத்தார். சாவி கேட்ட கையில் பேட். ஒரு பக்கம் வெறும் இரும்பு, தேய்ந்து வெள்ளையாகப் பளபளத்தது. “தட்டுல கோடு விழ ஆரம்பிச்சுருக்குது, இப்போதைக்குப் பரவால்ல. இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தீங்கன்னா நானே வந்திருக்க மாட்டேன், வேற ஆளுங்கதான் வந்திருப்பாங்க. நல்ல எடத்துல நிறுத்தினீங்கம்மா.” முகிலன் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடுத்த வளைவைப் பார்த்தான், சுவருக்கு அப்பால் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது. என்னிடம் மெல்லக் கேட்டான், “நீங்க ஓட்டியிருந்தா நிறுத்தாம நேரா கீழ வந்திருப்பீங்கல்லப்பா?” “வந்திருப்பேன்டா” என்றேன். “ரோட்டு வழியா வந்திருப்பேனாங்கறதுதான் தெரியல.” அவன் சிரிக்கவில்லை. பேடைக் கீழே போடவும் இல்லை, சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

புதுப் பேட் மாட்டியாகிவிட்டது. மெக்கானிக் நாலு தடவை மிதியை மிதித்துப் பார்க்கச் சொன்னார், மிதித்தாள். கொஞ்சநாள் திடீரென்று அழுத்த வேண்டாம், பழகட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. முகிலன் வண்டியைச் சுற்றி வந்தான். டிரைவர் பக்கத்துக் கதவுக்கு நேரே வந்தான். அங்கே நின்றான். தெய்வானை உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள், நகரவில்லை, அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டான். நானும் என் இடத்தில் உட்கார்ந்தேன். வலது காலைத் தரைமிதியின் மேல் வைத்தேன், அது எதையும் தேடாமல் சும்மா கிடந்தது. “அம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா…” என்று முகிலன் ஆரம்பித்தான். தெய்வானை திரும்பாமலே பொட்டலத்தை எடுத்து, ஒரு கமர்கட்டை உரித்து, கையைப் பின்னால் நீட்டினாள். “இந்தா. வாயில போட்டுக்க.” அவன் என்னைப் பார்த்தான். நான் வெளியே பார்த்தேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டான், கன்னம் சின்ன வயதில் உப்புகிற மாதிரியே உப்பிக்கொண்டது. அவள் இன்ஜினை எழுப்பிவிட்டுக் கண்ணாடியில் அவனைப் பார்த்துக் கேட்டாள். “இப்பச் சொல்லு. வண்டி கீழ போகணுமா, மேல போகணுமா?” அவன் வாயைத் திறக்கப் பார்த்தான், முடியவில்லை. விரலை நீட்டி மேலே காட்டினான்.